வரிசையும் முன்னுரிமையும்

கேட்பவர் பலராகவும் கொடுப்பவர் சிலராகவும் இருக்கும் இடமெல்லாம் வரிசை தோன்றுகின்றது. தபாற் கந்தோரிலும், சங்கக்கடையிலும், அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலும் வரிசையிலே நின்று பழகியவர்கள் நாம். ஆனால், நம் கண்ணுக்குப் புலனாகாத வரிசை ஒன்றும் உண்டு. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் நாளிலே பல்லாயிரம் மாணவர் ஒரே வேளையில் தத்தம் சுட்டெண்ணைக் கைத்தொலைபேசியிலே பதிந்துவிட்டுத் திரையைப் பார்த்தவண்ணம் இருக்கின்றனர். அவர்கள் நிற்பதும் ஒரு வரிசையே. அந்த வரிசை எங்கே இருக்கின்றது? அதை ஒழுங்கு செய்பவர் யார்? அதிலே யாருக்கு முதலிடம்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

கணினிக்குக் கொடுக்கப்படும் கட்டளைத் தொகுதியை நிரல் என்கின்றோம். வலையமைப்பிலே நிரல்கள் பெரும்பாலும் இரு திறத்தன. ஒன்று கேட்கும் நிரல். இதனை ஆங்கிலேயர் ‘கிளையன்ட்’ என்பர். மற்றது கேட்டதைக் கொடுக்கும் நிரல். இதனைச் சேவை நிரல் என்று நாம் வழங்கலாம். உங்கள் கையிலுள்ள தொலைபேசியிலே ஓடுவது கேட்கும் நிரல். எங்கோ ஒரு கட்டடத்தில், குளிரூட்டிய அறையொன்றிலே, இரவும் பகலும் விழித்திருப்பது சேவை நிரல். இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாதவை. அவை எங்ஙனம் தொடர்பு கொள்கின்றன என்பதை முதலிலே பார்ப்போம்.

தொடர்புக்கு முதல் வேண்டியது விலாசம். வலையமைப்பிலுள்ள கணினிக்கு ஓர் எண் விலாசம் உண்டு. ஆனால் கணினியின் விலாசம் மட்டும் போதாது. கச்சேரிக்குச் செல்லும் ஒருவர், கட்டடத்தைக் கண்டுபிடித்த பின்பு, ஓய்வூதியத்துக்கு எந்த யன்னல், காணிக்கு எந்த யன்னல் என்றும் அறிதல் வேண்டுமன்றோ? அவ்வாறே ஒரு கணினிக்குள்ளே பல சேவைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாயில் எண் உண்டு. இணையப் பக்கங்களைப் பாதுகாப்பாக வழங்கும் சேவைக்கு உரிய எண் 443. இவ்வெண்கள் 65535 வரை செல்லும்.

விலாசமும் வாயிலும் தெரிந்தபின் கைகுலுக்கல் நிகழும். இது மூன்று படிகளைக் கொண்டது. கேட்கும் நிரல், ‘பேச விரும்புகின்றேன், என் செய்தித் துண்டுகளை இந்த எண்ணிலிருந்து எண்ணத் தொடங்குவேன்’ என்று ஒரு குறிப்பு அனுப்பும். சேவை நிரல், ‘உன் எண் கிடைத்தது, என் எண் இது’ என்று மறுமொழி அனுப்பும். கேட்கும் நிரல், ‘உன் எண்ணும் கிடைத்தது’ என்று சொல்லும். இதன் பின்னரே பேச்சுத் தொடங்கும். எண்கள் எதற்காக? வழியிலே ஒரு துண்டு தொலைந்தால், எத்துண்டு தொலைந்தது என்று அறிந்து அதனை மீண்டும் அனுப்புவதற்காகவே. 1974ஆம் ஆண்டிலே விண்ட் செர்வ், றொபேட் கான் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த ஒழுங்கு இது. இன்று இதனை ரி.சி.பி. என்று அழைக்கின்றனர்.

அநுராதபுரத்திலே அரசு செலுத்திய எல்லாளன், தன் படுக்கையின் தலைமாட்டிலே மணியொன்றைத் தொங்கவிட்டு, அதன் நீண்ட கயிற்றை முறையிடுவோர் இழுக்கக்கூடியவாறு வைத்திருந்தான் என்று மகாவம்சம் கூறுகின்றது. சேவை நிரலின் இலக்கணம் இதிலே அடங்கியிருக்கின்றது. எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடம்; எவரும் இழுக்கக்கூடிய ஒரு கயிறு; எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு செவி. ஆனால் ஒரே நாழிகையிலே ஆயிரம் பேர் அக்கயிற்றை இழுப்பாராயின் அரசன் என் செய்வான்? வந்த முறையிலே கேட்பானா? இழைக்கப்பட்ட தீங்கின் கடுமையைப் பார்த்துக் கேட்பானா? முன்னுரிமை என்னும் பிரச்சினை இங்கேதான் பிறக்கின்றது.

இது வெறும் வசதி பற்றிய விடயம் அன்று. உயிர் பற்றிய விடயமாகவும் ஆகலாம். 1912ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14ஆந் திகதி இரவு, டைட்டானிக் கப்பலின் கம்பியில்லாத் தந்தி அறையிலே ஜாக் பிலிப்ஸ் என்னும் இளைஞர் கடமையில் இருந்தார். சிறிது காலத்துக்கு முன் கருவி பழுதுபட்டுத் திருத்தப்பட்டிருந்தமையால், பிரயாணிகளின் தந்திகள் குவிந்து கிடந்தன. நலம் விசாரிப்பனவும் வியாபாரம் பேசுவனவுமாகிய அத்தந்திகள் பணம் பெற்று ஏற்றுக்கொள்ளப்பட்டவை. அவற்றை அவர் கேப் றேஸ் என்னும் கரைநிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அன்றிரவு மெசாபா என்னும் கப்பல் அனுப்பிய பனிப்பாறை எச்சரிக்கை மாலுமித் தலைவரிடம் சேர்ந்ததாகத் தெரியவில்லை என்று பின்னர் நடந்த பிரித்தானிய விசாரணை கண்டது. ஏறத்தாழ 11 மணியளவில் அயலிலே நின்ற கலிபோர்ணியன் கப்பல், தான் பனிக்கட்டிகளால் சூழப்பட்டு நிற்பதாக அறிவிக்க முற்பட்டபோது, வேலையைக் குழப்பவேண்டாம் என்னும் கருத்துப்படப் பிலிப்ஸ் மறுமொழி கொடுத்தார். அக்கப்பலின் தந்தியாளர் சிறிது நேரத்தில் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். 11 மணி 40 நிமிடத்துக்கு டைட்டானிக் பனிப்பாறையிலே மோதியது. இறந்தோர் 1500க்கு மேற்பட்டோர்.

பிலிப்ஸ் கடமை தவறியவர் அல்லர். கப்பல் மூழ்கும்வரை உதவி கோரித் தந்தி அனுப்பி, அக்கடலிலேயே உயிர் நீத்தவர் அவர். குறை எங்கே இருந்தது? அபாயத்திலுள்ள கப்பலின் அழைப்புக்கு முதலிடம் கொடுக்கவேண்டும் என்னும் விதி 1906ஆம் ஆண்டின் பேர்லின் உடன்படிக்கையிலேயே உண்டு. ஆனால், பனிப்பாறை எச்சரிக்கை அபாய அழைப்பு அன்று; அபாயம் வருமுன் வரும் செய்தி. அத்தகைய செய்தி பிரயாணியின் நலம் விசாரிக்கும் தந்தியோடு ஒரே மேசையிலே, ஒரே குவியலிலே போட்டியிட நேர்ந்தது. இன்று கடலிலே மூன்று படிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. உயிராபத்து உடனடியாக உள்ளதாயின் ‘மேடே’. அவசரமாயினும் உடனடி ஆபத்து இல்லையாயின் ‘பான் பான்’. வழியிலே இடையூறு உண்டென்னும் எச்சரிக்கையாயின் ‘செக்யூரிட்டே’. செய்தியின் முதற் சொல்லே அதன் தரத்தைக் கூறிவிடுகின்றது. கேட்பவர் சிந்தித்து நிற்கவேண்டியதில்லை.

கணினி வலையமைப்பிலும் இதே உபாயம் கையாளப்படுகின்றது. இதற்கு எளிமையான ஓர் எடுத்துக்காட்டு ‘பீன்ஸ்ரோக்டி’ என்னும் சேவை நிரல். அவரைக்கொடி ஏறி வானுலகு சென்ற சிறுவனின் ஆங்கிலக் கதையை நினைவூட்டும் பெயர். இது ஏறத்தாழ 2007ஆம் ஆண்டு முதல் எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடியதாக உள்ளது. இதன் வாயில் எண் வழக்கமாக 11300. இது தானே எவ்வேலையையும் செய்வதில்லை. வேலைகளைப் பெற்று, தரம்பார்த்து அடுக்கி, செய்யவல்ல நிரல்களிடம் ஒப்படைப்பதே இதன் தொழில். தொழிற்சாலையின் கங்காணியைப் போன்றது என்று சொல்லலாம்.

கேட்கும் நிரல் இதனோடு கைகுலுக்கிய பின், ‘இடு’ எனப் பொருள்படும் சொல்லோடு நான்கு எண்களை ஒரே வரியிலே அனுப்பும். முதலாவது எண் முன்னுரிமை. இரண்டாவது, எத்தனை விநாடி கழித்து இவ்வேலை வரிசையிலே சேரவேண்டும் என்பது. மூன்றாவது, வேலையை எடுப்பவர் எத்தனை விநாடிக்குள் முடித்தல் வேண்டும் என்பது. நான்காவது, செய்தியின் நீளம். அதன்பின் செய்தி வரும். சேவை நிரல் வேலைக்கு ஓர் இலக்கம் இட்டு, ‘சேர்க்கப்பட்டது’ என்று அறிவிக்கும். முன்னுரிமையிலே சிறிய எண்ணே பெரிய அவசரம், பூச்சியமே உச்சம். மறுகோடியில் உள்ள எண் 4294967295. ஒரே முன்னுரிமை உடையவற்றுள் முந்தி வந்தது முந்திச் செல்லும். ஆகவே பழைய வரிசை ஒழுங்கு இங்கே அழிக்கப்படவில்லை. ஒவ்வொரு படியினுள்ளும் அது காக்கப்பட்டிருக்கின்றது.

ஓர் ஐயம் எழலாம். பத்து இலட்சம் வேலைகள் காத்திருந்தால், ஒவ்வொரு முறையும் அவை அனைத்தையும் புரட்டிப் பார்த்தா அவசரமானதைத் தெரிவது? அப்படியாயின் தெரிவதிலேயே பொழுது கழிந்துவிடும். இதற்கு 1964ஆம் ஆண்டிலே வில்லியம்ஸ் என்பவர் வெளியிட்ட ஒழுங்கு கைகொடுக்கின்றது. வேலைகளை ஒரு வமிசாவளி மரம்போல அடுக்குதல் வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் இரண்டுக்கு மேற்படாத பிள்ளைகள். எந்தப் பிள்ளையும் தன் பெற்றோரைவிட அவசரமானதாக இருத்தல் ஆகாது. இவ்வொரு விதியைக் காத்தால் மிகவும் அவசரமானது எப்போதும் உச்சியிலே இருக்கும். புதிய வேலை அடியிலே சேர்ந்து, தன்னைவிட அவசரம் குறைந்த பெற்றோரோடு இடம் மாற்றி மாற்றி மேலேறும். பத்து இலட்சம் வேலைகளுக்கு அம்மரத்திலே ஏறத்தாழ இருபது படிகளே உள்ளன. ஆகவே இருபது ஒப்பீடுகள் அளவிலே புதிய வேலை தன் இடத்தை அடைந்துவிடும்.

இனி வேலை செய்யும் நிரலைப் பார்ப்போம். அதுவும் வாயிலிலே வந்து, ‘எனக்கு ஒரு வேலை ஒதுக்கு’ என்று கேட்கும். வேலை இல்லையாயின் காத்திருக்கும். வேலை ஒன்று ஒதுக்கப்பட்டதும் அதனை வேறெவர்க்கும் கொடுப்பதில்லை. முடித்தபின் ‘நீக்குக’ என்று சொன்னாற்றான் அது பட்டியலிலிருந்து அகலும். இடையிலே மின்சாரம் நின்றாலோ, தொடர்பு அறுந்தாலோ, குறித்த விநாடிகள் கடந்தாலோ, அவ்வேலை மீண்டும் வரிசைக்கு வந்து வேறொருவரிடம் செல்லும். மீண்டும் மீண்டும் முடியாமற் போகும் வேலையை, மனிதர் ஒருவர் வந்து பார்க்கும்வரை புறம்பாக வைக்கவும் வழி உண்டு.

இதிலே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. வேலையைச் செய்துமுடித்த நிரல், ‘நீக்குக’ என்று சொல்லுமுன் தொடர்பு அறுந்தால் என்ன ஆகும்? அவ்வேலை இரண்டாம் முறையும் செய்யப்படும். மழை நிலவரத்தை எழுதும் வேலையாயின் கேடில்லை. ஒருவருடைய கணக்கிலே ஐயாயிரம் ரூபா வரவு வைக்கும் வேலையாயின்? ஆகவே கேட்கும் நிரலை எழுதுவோர், ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி இலக்கம் இட்டு, அவ்விலக்கம் முன்னரே நிறைவேறியதா என்று பார்த்த பின்பே செய்யுமாறு அமைத்தல் வேண்டும். இருமுறை செய்தாலும் ஒருமுறை செய்த பயனே விளையும்படி அமைப்பது இத்தொழிலின் முதற் பாடமாகும்.

தொடர்பு அறுந்தபோது நடந்துகொள்ளும் முறையும் முக்கியமானது. சேவை நிரல் சிறிது நேரம் நின்றுவிட்டது என்க. ஆயிரம் கேட்கும் நிரல்களும் ஒவ்வொரு விநாடியும் கதவைத் தட்டினால், அது எழுந்திருக்கும்போதே மீண்டும் விழுந்துவிடும். ஆகவே, முதல் முறை ஒரு விநாடி பொறு, பின் இரண்டு, பின் நான்கு, பின் எட்டு என்று இடைவெளியைப் பெருக்கிச் செல்லவேண்டும் என்பது வழக்கு. அதனோடு, எல்லோரும் ஒரே கணத்தில் திரும்பி வராதபடி, ஒவ்வொருவரும் அவ்விடைவெளியைச் சிறிது கூட்டியோ குறைத்தோ கொள்ளுதல் வேண்டும். பொறுமையும் ஒதுங்கி நிற்கும் பண்பும் இயந்திரங்களுக்கும் விதியாகின்றன.

நேயர்களே, இதுவரை முன்னுரிமையின் நன்மையைச் சொன்னேன். அதன் விலையையும் சொல்லுதல் நீதி. முன்னுரிமை காத்திருப்பை ஒழிப்பதில்லை. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றுகின்றது. ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் எடுக்கும் மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் வந்தன என்க. முதலாவது காத்திருப்பதில்லை, இரண்டாவது ஐந்து நிமிடம், மூன்றாவது பத்து நிமிடம், கூட்டுத்தொகை பதினைந்து. இம்மூன்றையும் எவ்வாறு மாற்றி அடுக்கினாலும் கூட்டுத்தொகை பதினைந்தே. வேலையின் நீளத்தைப் பாராமல் வரிசையை மாற்றும்போது இவ்வுண்மை பொதுவாகவே பொருந்தும் என்பதை அமெரிக்க அறிஞர் லெனாட் கிளைன்றொக் 1965ஆம் ஆண்டிலே நிறுவினார். ஒருவருக்கு நாம் கொடுக்கும் சலுகை, பெயர் தெரியாத இன்னொருவரின் நேரத்திலிருந்து எடுக்கப்பட்டது. சலுகை கொடுக்கும் கை இதனை மறத்தல் ஆகாது.

இதிலிருந்து இரண்டு கேடுகள் விளையலாம். ஒன்று பட்டினி. அவசர வேலைகள் இடைவிடாது வந்துகொண்டிருந்தால், சாதாரண வேலைக்கு என்றுமே முறை வராது. பீன்ஸ்ரோக்டி போன்ற கண்டிப்பான அமைப்புகளிலே இந்த ஆபத்து உண்டு. இதற்கு மருந்து, காத்திருக்கும் காலம் ஏற ஏற முன்னுரிமையையும் சிறிது சிறிதாக உயர்த்துவது. அல்லது அவசரமானவை நான்கு சென்றால் சாதாரணமானது ஒன்று செல்லட்டும் என்று பங்கு வகுப்பது. மற்றக் கேடு, எல்லோரும் தம்முடையதே அவசரம் என்று சொல்லத் தலைப்படுவது. எல்லாக் கோரிக்கையிலும் பூச்சியம் எழுதப்பட்டிருந்தால், முன்னுரிமை என்ற ஒன்றே இல்லாமற் போகின்றது. முன் சொன்ன சேவை நிரலோ, வந்தவர் யார் என்று கேட்பதில்லை. வாயிலை அடைந்தவர் எவரும் பூச்சியம் எழுதலாம். எனவே அவ்வாயிலை யார் அடையலாம் என்பதை வெளியிலிருந்து காத்தல் வேண்டும். 1981ஆம் ஆண்டிலே வகுக்கப்பட்ட இணைய நெறிமுறையிலே, ஒவ்வொரு செய்திப் பொதியின் தலைப்பிலும் எட்டுப் படிகளுள் ஒன்றைக் குறிக்க இடம் விடப்பட்டிருந்தது. ஆயினும் பொது வலையமைப்பிலே, அந்நியர் எழுதிய அக்குறியைப் பெரும்பாலும் ஒருவரும் மதிப்பதில்லை. காரணம் வெளிப்படை. குறியை எழுதுவது எளிது. எழுதியவரை நம்புவதே கடினம்.

மூன்றாவது கேடு மிகவும் மறைவானது. 1997ஆம் ஆண்டு யூலை மாதம் 4ஆந் திகதி, மார்ஸ் பாத்பைண்டர் என்னும் அமெரிக்க விண்கலம் செவ்வாய்க் கிரகத்திலே இறங்கியது. சில நாள்களில் அதன் கணினி தன்னைத் தானே நிறுத்தி மீண்டும் தொடங்கலாயிற்று. காரணம் யாது? கலத்தின் தகவல் வழியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மிகவுயர்ந்த முன்னுரிமை. வானிலைத் தகவல் சேர்க்கும் வேலைக்குத் தாழ்ந்த முன்னுரிமை. இரண்டுக்கும் பொதுவான பூட்டொன்று உண்டு. தாழ்ந்தது அப்பூட்டை எடுத்திருந்த வேளையிலே நடுத்தரமான வேலை ஒன்று வந்து அதனை ஒதுக்கிவிட்டுத் தான் ஓடியது. தாழ்ந்தது நின்றமையால் பூட்டுத் திறக்கவில்லை. பூட்டுத் திறவாமையால் உயர்ந்ததும் நின்றது. உரிய நேரத்திலே அது முடியாததைக் கண்ட காவல் நிரல், ஏதோ பெரும் பிழை நேர்ந்தது என்று கருதிக் கணினியை மறுபடி தொடக்கியது. பூமியிலிருந்த பொறியியலாளர் காரணத்தைக் கண்டறிந்து, உயர்ந்தவர் காத்திருக்கும்போது பூட்டை வைத்திருக்கும் தாழ்ந்தவருக்கும் அவ்வுயர்ந்த முன்னுரிமையைத் தற்காலிகமாக வழங்கும் ஏற்பாட்டைத் தொலைதூரத்திலிருந்தே அமைத்தனர். கோளாறு நீங்கியது. சிறியவர் கையிலே பெரியவரின் திறவுகோல் இருக்கலாம். அவரை வழிமறித்தால் பெரியவரும் நிற்கவேண்டியதே.

கலை பயின்ற ஒருவர் இவற்றையெல்லாம் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். மரம்போல அடுக்குவதும் கைகுலுக்குவதும் பொறியியலாளரின் தொழிலே. ஆனால், எதற்குப் பூச்சியம், எதற்கு ஆயிரம் என்று எண் இடுவது பொறியியல் அன்று. வெள்ளம் வரும் என்னும் எச்சரிக்கைக்கும் புதுப்பட விளம்பரத்துக்கும் எந்த எண் என்பதை மரம் அறியாது. எண்ணை மட்டுமே அறியும். வைத்தியசாலையின் கோரிக்கை முந்துவதா, கட்டணம் கூடக் கொடுத்தவரின் கோரிக்கை முந்துவதா என்பது நீதி பற்றிய வினா. நிரல் எழுதும் இளைஞர் அந்த எண்ணை ஒரு மாலைப்பொழுதிலே, மேலதிகாரியின் அவசரத்திலே, ஆலோசியாமல் எழுதிவிடலாம். அதன்பின் அது ஆண்டுக்கணக்கிலே, ஒருவரும் அறியாமல், இலட்சக்கணக்கானோரை நிறுத்தியும் செலுத்தியும் வைக்கும்.

ஆதலால், இத்தகைய சேவையை அமைக்கும் நிறுவனங்கள் தம் முன்னுரிமைப் பட்டியலை எழுத்திலே வைத்து, பலரும் கூடி ஆராய்ந்து, காலத்துக்குக் காலம் மாற்றியமைத்தல் நன்று. படிகள் சிலவாக இருக்கட்டும்; கடலோடிகள் மூன்றோடு அமைந்தனர். கடைசிப் படியிலே இருப்பவர்க்கும் ஒரு நேர எல்லை இருக்கட்டும். நம் பாடசாலைகளிலே கணினிக் கல்வி பெறும் மாணவர், நிரலை எங்ஙனம் எழுதுவது என்பதோடு, யாரைக் காக்கவைக்கின்றோம் என்று கேட்கவும் பழகட்டும். வரிசையின் முன்னாலே நிற்பவரை எல்லோரும் காண்பர். பின்னாலே நிற்பவரையும் கண்டு அமைப்பதே நல்ல சேவையாகும்.